பூட்டிய வீட்டில் தனியாக இருக்கும் நாய்: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வீட்டார் வெளியே கிளம்பியதும் நாய் செய்யும் ரகளையைப் பற்றியே பேசுவதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: நானும் கணவரும் மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றுகிறோம். எங்கள் லாப்ரடாருக்கு மூன்று வயது. அது குட்டியாக வந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்ததால், தனியாக இருந்து அதற்குப் பழக்கமே இல்லை. இப்போது வாரத்தில் மூன்று நாட்கள் அலுவலகம் போக வேண்டியிருக்கிறது. நாங்கள் போனதும் ஊளையிடுவதாக எதிர்வீட்டார் சொல்கிறார்கள். வாசற்கதவின் உட்புறத்தைப் பிறாண்டி வைத்திருக்கிறது. கூடத்திலேயே சிறுநீர் கழிக்கிறது. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள், அடம் பிடிக்கிறது" என்கிறார் மாமியார். வந்ததும் அதட்டினால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் ஒதுங்குகிறது. அப்படியானால், செய்வது தவறு என்று தெரிந்துதானே செய்கிறது?
— வாசகி, மடிப்பாக்கம், சென்னை

பதில்: அடம் பிடிக்கும் நாய், பார்ப்பதற்கு ஆள் இருக்கும்போதுதான் அடம் பிடிக்கும். ஆளில்லாத வீட்டில் எச்சில் ஒழுக ஊளையிட்டு, நகம் பிய்ந்துபோகும் அளவுக்குக் கதவைப் பிறாண்டுவது பெரும்பாலும் பயத்தின் வேலை. உங்கள் கதவில் இருக்கும் கீறல்களைச் சற்று உற்றுப் பாருங்கள். அவை தாழ்ப்பாளைச் சுற்றியும், கதவும் நிலையும் சேரும் இடுக்கிலும், தரையை ஒட்டிய அடிப்பகுதியிலும் குவிந்திருந்தால், நாய் விளையாட்டுக்குப் பிறாண்டவில்லை, நீங்கள் போன வழியே வெளியேறப் பார்த்திருக்கிறது என்று பொருள். பொழுதுபோகாமல் கடிக்கும் நாய் செருப்பு, சோபா, தலையணை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வீடு முழுக்க இழுத்துப் போடும். பயந்த நாயின் சேதம் வாசலிலும் சன்னலிலும் இருக்கும்.

ஆனாலும் ஊகத்தை நம்பி மருத்துவம் தொடங்கக் கூடாது. பழைய கைப்பேசி ஒன்றைக் கூடத்தில் வாசலைப் பார்த்தபடி நிறுத்தி, வழக்கம்போல் கிளம்பிச் சென்று, முதல் அரைமணி நேரத்தை ஒருமுறை மட்டும் பதிவு செய்யுங்கள். தனியே விடப்படும்போது வரும் இந்தப் பயத்துக்குப் பிரிவுப் பதற்றம் என்று பெயர். அது உள்ள நாய்களில் பெரும்பாலானவை அந்த நேரத்துக்குள்ளேயே தம் நிலையைக் காட்டிவிடும். பதிவில் முதலில் தெரிவது பெரும்பாலும் ஊளையாக இருக்காது. நாய் கதவையே வெறித்துப் பார்க்கும், உதட்டை நக்கும், தூக்கமே இல்லாதபோது கொட்டாவி விடும், முன்னங்கால் ஒன்றை லேசாகத் தூக்கியபடி நிற்கும், கதவுக்கும் சன்னலுக்கும் மாறி மாறி நடக்கும், அதற்குப் பிறகுதான் முனகலும் குரைப்பும் ஊளையும் வரும். அதற்கு மாறாக, சற்று நேரம் நிம்மதியாகத் தூங்கிய நாய், பக்கத்து மனையில் சுவர் துளைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் எழுந்து குரைப்பதைக் கண்டால், உங்கள் சிக்கல் தனிமை அல்ல, சத்தம். ஃபின்லாந்தில் 13,000-க்கும் மேற்பட்ட வளர்ப்பு நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டறிந்து 2020-இல் வெளியான ஆய்வில், சத்தத்துக்கு அஞ்சுபவை 32 விழுக்காடு, தனிமையில் தொல்லைப்படுபவை ஏறத்தாழ 5 விழுக்காடு என்றே தெரியவந்தது. இரண்டும் சேர்ந்தே இருக்கும் நாய்களும் உண்டு. ஒரு தீபாவளி இரவில் தனியாக வெடிச்சத்தத்தில் மாட்டிக்கொண்ட நாய், பிறகு எந்த நாளிலும் தனியே இருக்க மறுப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். கூடத்தில் சிறுநீர் கழிப்பது நீங்கள் வீட்டில் இருக்கும்போதும் நடக்கிறதென்றால், முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்; சிறுநீர்ப்பைத் தொற்றுக்குப் பயிற்சியால் பயன் கிடைக்காது.

தலையைத் தொங்கப்போடுவதைக் குற்ற உணர்ச்சி என்று நீங்கள் எண்ணுவது இயல்பே. நாய் வளர்ப்பவர்களில் அப்படி எண்ணாதவர் குறைவு. அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைத்தான் ஆராய்ந்தது. தின்னக் கூடாது என்று சொல்லப்பட்ட தீனியை நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பது உரிமையாளருக்குத் தெரியாதபடி ஏற்பாடு செய்து பார்த்ததில், அந்தக் 'குற்றவாளி முகம்' நாய் தவறு செய்ததைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் அதட்டியதைப் பொறுத்தே வந்தது. ஒரு தவறும் செய்யாத நாயும் அதட்டப்பட்டபோது அதே முகத்தைக் காட்டியது. உங்கள் லாப்ரடார் அறிந்திருப்பது இவ்வளவுதான்: நீங்கள் போனால் பயமாக இருக்கிறது, நீங்கள் திரும்பி வந்தால் சில நாட்களில் அதுவும் பயமாக இருக்கிறது. எனவே அதட்டுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மாமியாருக்கும் ஒரு சொல்: செல்லம் கொடுத்ததால் இந்த நோய் வருவதில்லை. கட்டிலில் படுக்கவைப்பதும் மடியில் வைத்துக் கொஞ்சுவதும் இதற்குக் காரணமும் அல்ல. அவற்றை நிறுத்துவது மருந்தும் அல்ல.

இனி மருத்துவத்துக்கு வருவோம். பயந்த நாயைப் பயத்திலேயே விட்டுவைத்தால் பழகிவிடும் என்பதுதான் இதில் நிலவும் மிகப் பெரிய தவறான நம்பிக்கை. ஒவ்வொரு முறை கதறித் தீர்க்கும்போதும் அந்தப் பயம் இன்னும் ஆழமாகப் பதிகிறது. பயம் தொடங்கும் நொடிக்கு முன்பாகவே நீங்கள் திரும்பி வந்துவிட வேண்டும். அந்த நொடியை மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ள வேண்டும். முழு மருத்துவமும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது. உங்கள் நாய்க்கு அந்த நொடி, கதவு மூடிய 20-ஆம் நொடியாக இருக்கலாம். நீங்கள் அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டும் நொடியாகவும் இருக்கலாம்.

பின்னது என்றால் வேலை அங்கிருந்தே தொடங்குகிறது. வண்டிச் சாவி, ஹெல்மெட், கைப்பை, செருப்பு அலமாரியின் கதவுச் சத்தம் ஆகிய ஒவ்வொன்றும் பிரிவின் முன்னறிவிப்பு என்பதை நாய் கற்று வைத்திருக்கும். சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டு உட்கார்ந்து காய்கறி நறுக்குங்கள். அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு தொலைக்காட்சி பாருங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். நாளுக்குச் சில தடவை, வெவ்வேறு நேரங்களில், எங்கும் போகாமலேயே இதைச் செய்து வந்தால், சாவிச் சத்தத்துக்குத் தலை தூக்கிய நாய் சில வாரங்களில் கண்ணைக்கூடத் திறக்காமல் படுத்திருக்கும்.

அதன் பிறகு கதவு. கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்புவது, கதவைத் திறந்து மூடுவது, வெளியே ஒரு கால் வைப்பது, வெளியே நின்று கதவை மூடி ஐந்து நொடியில் உள்ளே வருவது என்று படிப்படியாகப் போக வேண்டும். நேரத்தை ஒரே சீராகக் கூட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் முன்னதைவிடக் கடினமாகிறது என்பதை நாய் எளிதில் கண்டுகொள்ளும். ஆகவே பத்து நொடி, நான்கு நொடி, பதினைந்து, ஆறு, இருபது என்று ஏற்றியும் இறக்கியும் செய்யுங்கள். வெளியே நிற்கும்போது மற்றொரு கைப்பேசியில் நாயைப் பார்த்துக்கொண்டே இருங்கள். உதட்டை நக்கத் தொடங்கினால் அன்றைய எல்லை அதுதான், அத்துடன் பயிற்சியை முடித்துவிட்டு மறுநாள் அதைவிடக் குறைந்த நேரத்தில் தொடங்குங்கள். முதல் 40 நிமிடங்களை எட்டுவதுதான் நெடும்பாடு; வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதைக் கடந்துவிட்டால் ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று பெரிய தாவல்களாகப் போகலாம். 90 நிமிடங்கள் அமைதியாக இருக்கக் கற்ற நாய், பெரும்பாலும் நான்கு மணி நேரம் வரையிலும் அதற்கு மேலும் தாக்குப்பிடிக்கும்.

இதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. காலையில் பத்து நொடிப் பயிற்சி கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்கு நாயை வீட்டில் பூட்டிவிட்டு அலுவலகம் போய்விட்டால், பயிற்சியால் சேர்த்ததெல்லாம் அன்றைக்கே வீணாகிவிடும். பயிற்சி நடக்கும் காலம் முழுவதும், நாயின் எல்லையைத் தாண்டி அதைத் தனியே விடக் கூடாது. உங்களிடம் வழி இருக்கிறது: மாமியார் வீட்டில் இருக்கும் நாட்கள், நீங்களும் கணவரும் வெவ்வேறு நாட்களில் அலுவலகம் செல்லும்படி மாற்றிக்கொள்வது, பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்றவர் யாரேனும் நாய் மீது பிரியம் உள்ளவராக இருந்தால் பகலில் அவரிடம் விடுவது, அதுவும் இயலாவிட்டால் பகல்நேர நாய்க் காப்பகம். செலவும் சங்கடமும் உண்டுதான். ஆனால் இந்த ஏற்பாடு இல்லாமல் செய்யும் பயிற்சியில் பலன் கிடைத்து நான் பார்த்ததில்லை.

தீனியைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நடுவில் குழியுள்ள ரப்பர் பொம்மைக்குள் உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்ச்சோற்றையோ, எலும்பு நீக்கிய வேகவைத்த கோழியையோ அடைத்து, உறைபெட்டியில் வைத்து இறுக்கிக் கொடுத்தால், நாய் நக்கி நக்கி எடுக்க நெடுநேரம் ஆகும். நக்குவது நாயை அமைதிப்படுத்தும். வேர்க்கடலை வெண்ணெய் தடவுபவர்கள் புட்டியின் மேல் சைலிட்டால் என்ற இனிப்பூட்டியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது நாய்க்கு நஞ்சு. திராட்சையும் உலர்திராட்சையும் கூடாது, சமைத்த எலும்பும் கூடாது. ஆனால் பதற்றம் முற்றிய நாய் தீனியைத் தொடாது. நீங்கள் திரும்பி வரும்வரை பொம்மை வைத்த இடத்திலேயே கிடந்து, நீங்கள் வந்த பிறகு நாய் அதை ஆவலாக எடுத்தால், விட்டுச் சென்ற நேரம் அதன் எல்லைக்கு மேல் என்று தெரிந்துகொள்ளலாம்.

காலையில் வெயில் ஏறும் முன்பே நடக்க அழைத்துப் போங்கள். வேகமாக இழுத்துக்கொண்டு ஓடாமல், மரத்தடிகளையும் மதில் ஓரங்களையும் அது விரும்பியபடி மோந்து பார்க்கவிடுங்கள். வீடு திரும்பி அரைமணி நேரம் ஓய்வெடுத்த பிறகே நீங்கள் கிளம்ப வேண்டும். போகும்போதும் வரும்போதும் நாயைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது என்று சிலர் சொல்லும் கடுமை தேவையில்லை என்பது என் கருத்து. ஆர்ப்பாட்டம் இல்லாமல் தடவிக்கொடுத்து, ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகலாம்.

கேள்வி: குரைத்தால் கழுத்தில் அதிர்வோ மின்னதிர்ச்சியோ கொடுக்கும் பட்டை இணையத்தில் கிடைக்கிறது. வாங்கலாமா? அல்லது துணைக்கு இன்னொரு நாய் வாங்கினால் சரியாகுமா?
— வாசகர், சிங்காநல்லூர், கோவை

பதில்: பட்டை வேண்டாம். பயத்தால் கத்தும் உயிருக்கு, கத்தியதற்காக வலியைக் கொடுத்தால் பயம் இரட்டிப்பாகும். குரைப்பு அடங்கலாம், ஆனால் அந்தப் பதற்றம் கால் பாதத்தைப் புண்ணாகும்வரை நக்குவதிலும் வாலைக் கடிப்பதிலும் வெளிப்படும். எதிர்வீட்டாருக்குச் சத்தம் கேட்காது, அவ்வளவே.

இரண்டாவது நாய் பற்றி: உங்கள் நாய் தேடுவது மனிதரை. இன்னொரு நாய் பக்கத்தில் படுத்திருக்க, முதல் நாய் கதவருகே நின்று ஊளையிடும் காட்சியைப் பதிவுகளில் சாதாரணமாகப் பார்க்கலாம். உறவினர் வீட்டில் உங்கள் நாய்க்கு நன்கு பழகிய நாய் இருந்தால், சில நாட்கள் இரவல் வாங்கிச் சோதித்துப் பாருங்கள். இன்னொரு நாய் வளர்க்க உங்களுக்கே ஆசை என்றால் வளர்க்கலாம், மருந்தாக வாங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஐந்து வயது பீகிள், தனியே விட்டால் வாயில் ரத்தம் வரும்வரை இரும்புக் கதவைக் கடிக்கிறது. மருத்துவர் ஃபுளூவாக்ஸெடின் எழுதிக் கொடுத்திருக்கிறார். மனிதர்களுக்கு மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரை என்று மருந்துக்கடையில் சொன்னதால் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். நாய் மந்தமாகிவிடுமா? வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டுமா?
— வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வாய் கிழியும் அளவுக்குக் கடிக்கும் நாய்க்குப் பயிற்சி மட்டும் போதாது, உங்கள் மருத்துவர் செய்திருப்பது சரி. பயம் உச்சியில் இருக்கும் மூளை எதையும் கற்காது. மருந்து அந்த உச்சியைச் சற்றுத் தாழ்த்திக் கொடுக்கிறது. முதல் பதிலில் சொன்ன நொடிக்கணக்குப் பயிற்சி அப்போதுதான் பிடிக்கும். நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை க்ளோமிப்ரமினுக்கு 1998-இலும் ஃபுளூவாக்ஸெடினுக்கு 2007-இலும் அனுமதி வழங்கியது. இரண்டையும் பயிற்சியோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதும் அந்த அனுமதியில் அடங்கும்.

இவை தூக்க மாத்திரைகள் அல்ல. முதல் இரண்டு வாரங்களில் பசி குறையலாம், சற்றுச் சோர்வு தெரியலாம், சில நாய்கள் வாந்தி எடுக்கலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். முழுப் பலன் தெரிய நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகும் என்பதால், பத்து நாள் கொடுத்துப் பார்த்துவிட்டுப் 'பயனில்லை' என்று நிறுத்திவிடாதீர்கள். நாய் நன்றாக இருக்கத் தொடங்கிய பிறகும் சில மாதங்கள் தொடர்ந்துவிட்டு, மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். பல நாய்கள் மருந்திலிருந்து விடுபடுகின்றன. சில நாய்களுக்கு நீண்டகாலம் தேவைப்படுகிறது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்டே ஆக வேண்டும்: உண்ணிக்கு என்ன மருந்து போடுகிறீர்கள்? நம் ஊர்களில் உண்ணித் தொல்லைக்கு அமிட்ராஸ் என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து உடம்பில் ஊற்றுவதும், அது கலந்த கழுத்துப்பட்டையைப் போடுவதும் பரவலான வழக்கம். அமிட்ராஸோடு ஃபுளூவாக்ஸெடினோ க்ளோமிப்ரமினோ சேரக் கூடாது; உடல் நடுக்கம், அதிகக் காய்ச்சல், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். வேறொரு மருத்துவரிடம் வலிக்காக ட்ராமடால் வாங்கியிருந்தாலும், நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலும், முதல் மாத்திரைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உண்ணிக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்று பார்த்து உங்கள் மருத்துவரே மாற்றித் தருவார். வீட்டில் யாருக்கேனும் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை உடைத்துப் பாதி கொடுக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பயணத்துக்குக் கொடுக்கும் அசிப்ரோமசின் போன்ற மயக்க மருந்தும் இதற்கு உதவாது. உடல் அசையாமல் கிடக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும்.

கேள்வி: மகள் வேலைக்காகச் சிங்கப்பூர் போய்விட்டாள். அவள் வளர்த்த ஸ்பிட்ஸ் நாய்க்கு இப்போது பன்னிரண்டு வயது. அவள் போனதிலிருந்து இரவெல்லாம் வீட்டைச் சுற்றி நடக்கிறது, காரணமில்லாமல் அழுகிறது, பகலில் தூங்குகிறது. நானும் என் மனைவியும் எப்போதும் வீட்டில்தான் இருக்கிறோம். மகளைத் தேடுகிறதா?
— வாசகர், காரைக்குடி

பதில்: தேடலாம். ஆனால் நீங்கள் இருவரும் பக்கத்தில் இருக்கும்போதே, அதுவும் இரவில், நடந்துகொண்டும் அழுதுகொண்டும் இருக்கும் பன்னிரண்டு வயது நாயை நான் பிரிவுப் பதற்றம் என்ற கணக்கில் முதலில் சேர்க்க மாட்டேன். மகள் போன நேரமும் முதுமை தன்னைக் காட்டிய நேரமும் ஒன்றாக அமைந்திருக்கலாம். நாய்களுக்கும் முதுமையில் மூளை தளர்கிறது: இரவு பகல் மாறும், கதவின் திறக்கும் பக்கத்தை விட்டுக் கீல் இருக்கும் பக்கத்தில் போய் நிற்கும், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்துவிட்டுப் பின்னால் வரத் தெரியாமல் நின்று அழும், சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும், பழகிய இடத்தை மறந்து வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும். இவற்றில் எவையெல்லாம் இருக்கின்றன, எந்த நேரத்தில் வருகின்றன என்று சில நாட்கள் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலி, பல்வலி, சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, கண்புரை, காது மந்தம் ஆகியவையும் இரவு உறக்கத்தைக் கெடுக்கும் என்பதால், இரத்தமும் சிறுநீரும் சோதிக்காமல் முடிவுக்கு வரக் கூடாது. மூளைத் தளர்ச்சிக்கு மருந்தும் தனி உணவு வகைகளும் உண்டு. நோயை முழுதாக மாற்றாவிட்டாலும் இரவுகளை எளிதாக்கும்.

அதற்குள் நீங்கள் செய்யக்கூடியவை சில. அதன் படுக்கையை உங்கள் கட்டிலுக்கு அருகே மாற்றுங்கள். கூடத்திலும் தண்ணீர்க் கிண்ணத்துக்கு அருகிலும் சிறிய இரவு விளக்கு எரியட்டும். மேசை நாற்காலிகளை இடம் மாற்றாதீர்கள். வழவழப்பான தரையில் கால் வழுக்கும் நாய் நடக்கவே அஞ்சும். அது புழங்கும் வழியில் கோரைப் பாயோ ரப்பர் விரிப்போ போடலாம். மாலையில் சிறிது தூரம் நடக்கவைத்து, படுக்கும் முன் ஒருமுறை வெளியே அழைத்துப் போய் வாருங்கள். மகளின் பழைய, துவைக்காத துப்பட்டா இருந்தால் படுக்கையில் வைத்துப் பாருங்கள். காணொளி அழைப்பில் அவள் குரலைக் கேட்டதும் நாய் வாலாட்டிவிட்டு அமைதியாகிறதா, அல்லது வாசலுக்கும் அறைக்குமாக ஓடித் தேடத் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். தேடுகிறதென்றால், மகளிடம் பேசும்போது நாய்க்குக் குரல் கேட்காதபடி இயர்போனைப் பயன்படுத்துவதே அதற்குச் செய்யும் உதவி.

கேள்வி: 40 நாள் குட்டி ஒன்றை வாங்கி வந்தோம். இரவு முழுக்க அழுகிறது. தாழ்வாரத்தில் கூண்டில் விட்டுவிட்டால் நான்கு நாளில் பழகிவிடும் என்கிறார் அப்பா.
— வாசகி, பெருந்துறை

பதில்: எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதற்கு 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் தடை விதிக்கின்றன, விற்றவர் அதைப் பொருட்படுத்தவில்லை. தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்க வேண்டிய வயது அது. தாய்க்கு அருகில் இன்னும் இரண்டு மூன்று வாரம் விட்டுவைக்க வாய்ப்பிருந்தால் அதுவே முதல் வழி.

இல்லையென்றால், குட்டியை உங்கள் அறையிலேயே, கை எட்டும் தூரத்தில், அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்துப் படுக்கவையுங்கள். அழுதால் கையை நீட்டித் தொட்டுக்கொள்ளுங்கள். இரவில் இரண்டு மூன்று முறை அது சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். பேச்சு விளையாட்டு எதுவும் இல்லாமல் வெளியே கொண்டுபோய்க் கொண்டுவந்தால் போதும். அப்பா சொல்வது போல் தாழ்வாரத்தில் விட்டால் நான்கு நாளில் அழுகை நிற்கலாம். தனிமை என்றால் யாரும் வரமாட்டார்கள் என்று கற்றுக்கொண்டுதான் அது நிற்கும். பகலில் நீங்கள் குளிக்கப் போகும்போதும் சமையலறையில் இருக்கும்போதும், குட்டி தூங்கும் நேரம் பார்த்து ஒரு தட்டிக்கு அப்பால் சில நிமிடங்கள் விட்டுப் பழக்குங்கள். முதல் மூன்று நான்கு மாதங்களில் இப்படிச் சிறுகச் சிறுகத் தனிமை பழகிய குட்டிக்குப் பின்னாளில் இந்தச் சிக்கல் வரும் வாய்ப்பு குறையும்.

கேள்வி: நாய் குரைப்பதால், பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தி அதை வெளியேற்றச் சொல்கிறது அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம். அப்படிச் செய்ய அதற்கு உரிமை உண்டா?
— வாசகர், வேளச்சேரி, சென்னை

பதில்: இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, வளர்ப்பு நாய்களைக் குடியிருப்போர் சங்கங்கள் தடை செய்ய முடியாது, பெரும்பான்மையோர் ஒப்புதல் அளித்தாலும் முடியாது. அதைக் காட்டிச் சண்டைக்குப் போவதற்கு முன், இது நோய் என்பதையும் மருத்துவம் தொடங்கியிருப்பதையும் மருத்துவரின் சான்றோடு ஒரு கடிதமாக எழுதிச் சங்கத்திடமும் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீட்டாரிடமும் நேரில் கொடுங்கள். எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் குரைக்கிறது என்று அவர்களையே குறித்துத் தரச் சொல்லுங்கள். பகைமை தணியும், உங்கள் மருத்துவருக்கும் அந்தக் குறிப்பு பயன்படும்.

கேள்வி: பகலில் எல்லாரும் வேலைக்குப் போவதால் எங்கள் சிப்பிப்பாறை நாயை மொட்டை மாடியில் நிழலில், சங்கிலியில் கட்டிவிட்டுப் போகிறோம். மாலைவரை குரைப்பதாகத் தெருவில் புகார். இதுவும் பிரிவுப் பதற்றமா?
— வாசகர், மதுரை

பதில்: இருக்க வேண்டியதில்லை. முயல் வேட்டைக்கென்று, திறந்தவெளியில் பாய்ந்து ஓடுவதற்கென்று உருவான இனத்தை நாள் முழுக்க நாலடிச் சங்கிலியில் வைத்தால், பதற்றம் எதுவும் இல்லாத நாயும் குரைக்கத்தான் செய்யும். நிழல் என்று நீங்கள் எழுதியிருக்கும் இடம் பிற்பகல் இரண்டு மணிக்கும் நிழலாக இருக்கிறதா என்பதையும், அந்தத் தரையில் உங்கள் உள்ளங்கையைப் பத்து நொடி வைத்திருக்க முடிகிறதா என்பதையும் ஒரு விடுமுறை நாளில் பார்த்துவிடுங்கள். குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், எந்நேரமும் கட்டியே வைக்கும் நாயைப் போதுமான அளவு உலாவவிடாமல் இருப்பதும், 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் சொல்லும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை என்பது சிரிப்பை வரவழைக்கலாம். அதனால் குற்றம் இல்லையென்று ஆகிவிடாது.

சங்கிலியை அவிழ்த்து, மின்விசிறி உள்ள ஓர் அறையில் தண்ணீரோடு விடுங்கள். காலையில் அரைமணி நேரமாவது வேலி உள்ள திறந்தவெளியில் ஓடவிடுங்கள். நடுப்பகலில் ஒருவர் வந்து வெளியே அழைத்துப் போய்வர ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு வாரம் இப்படி வைத்திருந்தும், அறையில் நாய் தனியே இருக்கும் அரைமணி நேரப் பதிவில் பதற்றத்தின் அடையாளங்கள் தெரிந்தால், அந்தப் பதிவோடு மருத்துவரைப் பாருங்கள். அப்போது மடிப்பாக்கம் வாசகிக்குச் சொன்ன பயிற்சி உங்களுக்கும் பொருந்தும்.